இன்று காலை முதல் காணவில்லை

தொலையாத ஒரு மனிதரை மூன்று வருஷமாக ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடச் சொல்லி எழுதியவள் நான். இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு போன் வந்துவிடுகிறது. "மேடம், நீங்க தேடுற பெரியவரு இங்க பஸ் ஸ்டாண்டுல உக்காந்துருக்காரு. புடிச்சு வச்சிருக்கோம்" என்பார்கள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரல்களில் இருக்கும். "அவரு கெடைச்சுட்டாருங்க. அது பழைய அறிவிப்பு. உக்காந்துருக்கிறவரு வேற யாரோ. விட்டுருங்க" என்று நான் சொல்ல வேண்டும். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்புகிறவர்களுக்கும் முகம் தொங்கிப்போவது போனிலேயே தெரியும்.

போடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். ஒப்பந்த வேலை. பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டுவரி ரசீது, குழாய் இணைப்பு மனு என்று பகல் ஓடிவிடும். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஊருக்குப் பொதுவாக ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்க வேண்டும். வெள்ளம், மண்சரிவு, குடிநீர் நிறுத்தம், காய்ச்சல் என்று அவசரமான எதுவானாலும் உடனே மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் செயல் அலுவலர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அந்த அறையில் தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நீயே பாத்துக்கம்மா. பெரிய சோலி ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஊர் முழுவதும் என் கைப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிறது, காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் போட்டால், அடியில் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் வரும். நாளை மின்தடை என்று போட்டால், "எங்க தெரு சாக்கடைய எப்பத் தள்ளுவீக" என்று கேள்வி வரும். மலை ஏறுகிற போடிமெட்டு ரோட்டில் பாறை விழுந்திருக்கிறது என்று போட்டால், போன வருஷம் வேறு எங்கேயோ விழுந்த பாறையின் வீடியோவை யாராவது போட்டு, இதுதான் அது என்று சத்தியம் செய்வார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். பிறகு கும்பிடும் கையை மட்டும் அனுப்பினேன். அப்புறம் அதுவும் இல்லை.

பெரியவர் விஷயம் நடந்தது ஓர் ஐப்பசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மலை தெரியவே இல்லை; குரங்கணிப் பக்கம் பூராவும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. காலையில் அலுவலகம் வந்ததும், கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, தரைப்பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று எல்லாக் குழுக்களிலும் போட்டேன். பதினொரு மணி இருக்கும், ஒரு பெண் ஈரத்தோடு உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். போடியில் ஒரு ஏலக்காய்க் கோடவுனில் காய் தரம் பிரிக்கிறவள். பாலித்தீன் கவருக்குள் ஒரு போட்டோவைச் சுற்றி மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, எங்க அப்பாவக் காணோம்க்கா."

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சேலை ஈரம் என்று உட்கார மறுத்துவிட்டாள்.

"ஸ்டேஷனுக்குப் போனியா?"

"போயிட்டுத்தான் வர்றேன். எழுதிக்கிட்டாக. மழைக்கு எல்லாரும் மெட்டு ரோட்டுக்குப் போயிருக்காகளாம். உங்க குரூப்புல போட்டா வெரசாத் தெரிஞ்சுரும்னு அவுகதான் சொன்னாக."

அவளுடைய அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மலையில், கேரளப் பக்கம் பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். பறித்து வருகிற பச்சைக் காயைக் காய வைக்கிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் விறகடுப்புக்குத் தீப்போட்டு, சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மனைவி இறந்த பிறகு மகளோடு வந்து தங்கிவிட்டார்.

"வீட்ல எதுவும் சண்டையா?"

"இல்லக்கா. நேத்து நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. காலையில எந்திரிச்சுப் பாத்தா பாயச் சுருட்டி வச்சிருக்கு. ஆளக் காணோம். போனையும் அலமாரியிலயே வச்சுட்டுப் போயிருக்காரு."

"ஞாபகமெல்லாம் எப்படி? மறதி உண்டா?"

"வயசாயிருச்சுல்ல. கண்ணாடிய எங்கன வச்சேன்னு தேடுவாரு. மத்தபடி ஒண்ணும் இல்ல."

இந்தப் பதிலை நான் நன்றாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

அதற்கு முன்பு இரண்டு முறை காணவில்லை அறிவிப்பு போட்டிருக்கிறேன். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெரியவர்கள் வெளியே போவதும் வருவதும் சகஜம்தானே என்று விட்டுவிடுவார்கள். வெளியே மழை கொட்டுகிறது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, எதிரே ஒருத்தி நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் அழுத்திச் சொன்னால்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. "அவசரம். காணவில்லை. இன்று காலை முதல் இவரைக் காணவில்லை. வயது எழுபது. வெள்ளைச் சட்டை, பச்சைக் கரை வேட்டி. இடது புருவத்தில் தழும்பு உண்டு. ஞாபக மறதி உள்ளவர். பார்த்தவர்கள் இவரை எங்கும் போகவிடாமல் இருத்திவைத்து, உடனே தகவல் தரவும். அதிகம் பகிரவும்." இவ்வளவுதான். தேதி போடவில்லை. இன்று என்றால் இன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

தகவல் தர ஒரு நம்பர் வேண்டும். மழையில் அலுவலக போன் செத்துக் கிடந்தது. அவளுடைய கோடவுனில் வேலைக்கு உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். லீவு போட்டால் என்ன என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். என் நம்பரைப் போட்டேன். அலுவலர் போடியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "போட்டுரும்மா. போட்டுட்டுச் சொல்லு" என்றார்.

சாயங்காலத்துக்குள் அது எங்கே போகவில்லை என்று சொல்ல முடியாது. துபாயில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அழுகிற முகத்தோடு பகிர்ந்திருந்தார். கம்பம் குழு, சின்னமனூர் குழு, திண்டுக்கல் வியாபாரிகள் குழு, ஏதோ ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் குழு என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் போட்ட தரைப்பால எச்சரிக்கைக்கு நாலு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

மூன்று நாள் என் போன் ஓயவில்லை. தேவாரத்தில் பார்த்தேன், உத்தமபாளையத்தில் பார்த்தேன், கோயில் வாசலில் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணின் கணவர் மழையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்களில் யாரும் பெரியவர் இல்லை. மூன்றாம் நாள் அந்த மருமகன் ஆற்றங்கரையோரம் நடந்து தேடியதாகக் கேள்விப்பட்டேன்.

நான்காம் நாள் மழை விட்டது. பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அலுவலக வாசலில் ஒரே சத்தம். ஏழெட்டுப் பேர் ஒரு பெரியவரை நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். இன்னொருவன் முன்னால் பின்னோக்கி நடந்தபடி வீடியோ எடுத்தான். வேட்டியெல்லாம் புகைக்கறை. இடது புருவத்தில் தழும்பு. ஜீப்பிலிருந்து முக்கில் இறங்கியதும் பிடித்திருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து, குடிக்கும்போதும் கையை விடவில்லையாம்.

பெஞ்சில் உட்கார வைத்தோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"யாரு ஆத்தா நான் தொலைஞ்சுட்டேன்னு சொன்னது?"

"உங்க மக தேடுறாக அய்யா. மூணு நாளாச்சு."

"மெட்டு ரோட்டுல மண்ணு விழுந்து கெடந்துச்சுல்ல? பறந்தா வர முடியும்?"

நடந்தது இதுதான். அன்றைக்கு விடியற்காலம் விழிப்பு வந்து, டீ குடிக்க முக்குக்குப் போயிருக்கிறார். ராசிங்காபுரத்திலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஒன்று அங்கே நின்றது. அவருடைய பழைய தோட்டத்துக்குப் போகிற ஜீப்பு. டிரைவர் தெரிந்தவர். "வர்றியாண்ணே, சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றிருக்கிறார். ஏறிவிட்டார். மேலே போன பிறகு பாதை அடைபட்டது, கரண்டு போனது, டவரும் போனது. பறித்த காய் மலையாகக் குவிந்து கிடந்திருக்கிறது. இப்போது அங்கே கரண்டில் ஓடுகிற மிஷினில்தான் காய வைக்கிறார்கள். அது நின்றுவிட்டது. பச்சைக் காய் இரண்டு நாள் கிடந்தால் நிறம் போய்விடும். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த விறகடுப்பைத் திறந்து தீப்போடத் தெரிந்த ஆள் அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு இவர் ஒருவர்தான் இருந்திருக்கிறார்.

"ரெண்டு நாளு பொட்டுத் தூக்கம் இல்ல ஆத்தா. ஒரு காயி வெளுக்கலியே. அம்புட்டும் பச்சைக் கிளியாட்டம் எடுத்துக் குடுத்துட்டுத்தான் வர்றேன்" என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அதை அவரிடம் நான் பார்க்கவில்லை.

மகள் ஓடிவந்தாள். அப்பாவின் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, "காணாமல் போனவர் நலமாக வீடு திரும்பினார். உதவிய அனைவருக்கும் நன்றி" என்று போட்டேன். எங்கள் குழுவில் சிலர் கைகூப்பினார்கள். வெளியே எந்தக் குழுவுக்கும் அது போகவில்லை. கிடைத்துவிட்ட ஆளைப் பற்றி யார் யாருக்கு அனுப்புவார்கள்?

முதல் அறிவிப்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதில் "இன்று காலை முதல்" என்று இருந்ததே, அது போகிற இடத்திலெல்லாம் அன்றைக்குக் காலையாகவே இருந்தது. தை மாதத்தில் ஒருவர் பார்த்தால் தை மாதக் காலையில் தொலைந்தவர். பங்குனியில் பார்த்தால் பங்குனிக் காலையில் தொலைந்தவர். நான் பக்கத்திலிருந்து அழித்துப் பார்த்தேன். அதற்குள் ஆயிரம் பேர் போனில் படமாகச் சேமித்திருந்தார்கள். பின்பு அவர் படத்தின் குறுக்கே சிவப்பு எழுத்தில் "கண்டுபிடிக்கப்பட்டார்" என்று போட்டு எல்லாக் குழுவிலும் அனுப்பினேன். அது இன்னும் மோசமாயிற்று. சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ கேஸில் அகப்பட்டவர் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் பெரியவரிடமே, "என்ன கேசுண்ணே அது?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் வெளியே போகும்போதெல்லாம் எனக்கு போன் வரும். தேனி பஸ் ஸ்டாண்டில் இரண்டு காலேஜ் பையன்கள் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் படம் எடுத்து, "இவரா பாருங்க மேடம்" என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். படத்தில் அவர் வாயில் பாதி அப்பளம் இருந்தது. கேமராவைப் பார்த்துவிட்ட கண். கண் பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரை விடவில்லை. அவர் தன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, மகள் பெயரைச் சொல்லி, எல்லாம் சரியாகச் சொல்லியும், "ஞாபக மறதின்னு போட்டிருக்கே, சொல்றத எப்படி நம்புறது?" என்று போனில் என்னிடமே கேட்டாள்.

மூணாறுப் பக்கத்திலிருந்து ஒருவர் மலையாளமும் தமிழும் கலந்து கூப்பிட்டார். காந்தல்லூரிலிருந்து, பொட்டிபுரத்திலிருந்து, ஒரு தடவை பெயர் தெரியாத ஊரிலிருந்து. சமைக்கும்போது, குளிக்கும்போது, என் மகளின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும்போது. என் வீட்டுக்காரர் நம்பரை மாற்று என்றார். கேஸ் சிலிண்டர், பேங்க், ஆதார், அலுவலகம் எல்லாம் அந்த நம்பரில் தொங்கின. அதோடு இன்னொன்றும் இருந்தது. போனை நான் எடுக்காவிட்டால் அவரை யார் விடச் சொல்வது? அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பார்.

ஒரு வருஷம் தாண்டி, மாசி மாதம் என்று நினைவு, அவர் அலுவலகத்துக்கு வந்தார். மீசையை எடுத்திருந்தார். அடையாளம் தெரியக் கூடாது என்று எடுத்தாராம். தழும்பை என்ன செய்வது? செயல் அலுவலர் மேசை முன்னால் நின்று கும்பிட்டார்.

"சார், எனக்கு ஒரு கடுதாசி வேணும். நான் காணாமப் போகல, எனக்கு மறதி கெடையாதுன்னு ஆபீசு சீலு போட்டு."

அலுவலர் கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "இருப்பிடச் சான்றுன்னா தாலுகாவுல கேக்கலாம். பிறப்பு, இறப்பு நம்ம குடுப்போம். இந்த மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இல்லையே பெரியவரே. மறதி இல்லைன்னு டாக்டர்தான் எழுதணும்."

"டாக்டரு காணாமப் போனேன்னு போடலியே சார். நீங்கதானே போட்டீக?"

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசினார். டீக்கடையில் அவரிடம் எல்லோரும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்களாம், சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. பேங்கில் அடுத்த தடவை யாரையாவது கூட்டி வரச் சொன்னார்களாம். சீட்டு ஆடக் கூப்பிடுகிற கூட்டாளிகள், ஆட்டத்தில் அவர் யோசித்தால், "மறந்து போச்சாண்ணே" என்கிறார்களாம்.

"தொலைஞ்சேன்னு சொன்னதக்கூட விட்டுர்றேன் ஆத்தா. தேடத்தானே செஞ்சாக. புத்தி கெட்டவன்னு எழுதிட்டாகளே. அதுவும் பெத்த மக."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "மகளா?"

"அவ சொல்லித்தானே நீங்க எழுதியிருப்பீக? வெளியாளுக்கு என்ன தெரியும்? அப்பனுக்கு மறதின்னு அவதானே வந்து சொல்லியிருக்கணும். இல்லவே இல்லன்னு சத்தியம் பண்றா. எப்படி நம்புறது? வருசம் ஒண்ணாச்சு, அவகிட்ட நான் மொகம் குடுத்துப் பேசுறதில்ல. சோத்த வச்சா திங்கிறேன். அம்புட்டுத்தான்."

வேப்பமரத்தடியில் வேறு யாரும் இல்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பாவும் மகளும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் நான் வாங்கிய போன்களெல்லாம் அப்போது ஒன்றாகச் சேர்ந்து தோளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நானும் மரத்தைச் சுற்றிய மேடையில் உட்கார்ந்தேன்.

"அய்யா, அவ சொல்லல. நான் கேட்டேன், மறதி உண்டான்னு. கண்ணாடியத் தேடுவாரு, மத்தபடி ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னா. ஆளுக பாக்கணுமேன்னு நானாத்தான் அந்த வரியச் சேத்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருசம் ஆத்தா" என்றார். டம்ளரை மேடையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் அப்போதுதான் கோடவுனிலிருந்து வந்து, ஏலக்காய் வாசம் போகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல? நூறு தடவ சொன்னேன்ல?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரோ ஒருத்தர் வந்து சொன்னா நம்புறீக. நான் சொன்னா நம்பல."

எனக்கு அங்கே நிற்க இடம் இல்லை என்று தெரிந்தது. என் தப்பைச் சொல்லிவிட்டால் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது விலகிவிடும் என்று எண்ணிப் போயிருந்தேன். அது விலகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அதுவரை அவர் அவள்மேல் வைத்திருந்த கோபத்தை, இப்போது அவள் அவர்மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் காப்பி போட்டுக் கொடுத்தாள். "நீங்க என்னக்கா பண்ணுவீக, நல்லதுக்குத்தானே செஞ்சீக" என்றாள். அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு.

அடுத்த மாதமே அவர் மலைக்குப் போய்விட்டார். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். பழைய தோட்டத்திலேயே ஸ்டோருக்குக் காவல். அதற்குப் பின்னால் ஓர் அறை. அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அங்கே யாரும் அவரை நிறுத்தி, வீட்டு விலாசம் கேட்கமாட்டார்கள். டவர் சரியாக எடுக்காத பள்ளம் என்பதால் அந்தப் படமும் அங்கே அதிகம் போய்ச் சேராது. ஜீப்பு ஏறும்போது அலுவலகப் பக்கம் வந்து என்னிடம் சொன்னார்: "போறேன் ஆத்தா. இனிமே உனக்கு போனு வராது."

வந்தது. வந்துகொண்டுதான் இருந்தது. புருவத்தில் தழும்பு உள்ள கிழவர்கள் நாட்டில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தழும்பே இல்லாதவர்களையும் பிடித்து வைத்தார்கள். ஒரு தடவை அலுத்துப்போய், "எத்தனை தடவங்க சொல்றது, விட்டுத் தொலைங்க" என்று கத்திவிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண். "மன்னிச்சுக்கங்கக்கா, பாவமா இருந்துச்சு, அதான்" என்றாள்.

இப்போது நான் அறிவிப்பு எழுதும் விதம் மாறிவிட்டது. தேதி, மணி முதல் வரியிலேயே வந்துவிடும். இந்த நாள்வரை மட்டும் செல்லும் என்று கடைசி வரியில் போடுகிறேன். சொல்லாத ஒன்றைச் சேர்ப்பதில்லை. புதிதாக வந்திருக்கிற அலுவலருக்கு இது பிடிக்கவில்லை. "என்னம்மா, ரசீது மாதிரி இருக்கு. கொஞ்சம் உருக்கமாப் போடு, அப்பத்தான் ஷேர் பண்ணுவாங்க" என்கிறார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, ரசீது மாதிரியே போடுகிறேன். குறைவான பேர்தான் பகிர்கிறார்கள். அதனால் யாருக்காவது ஏதாவது தெரியாமல் போயிருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பயம் என்றால் மனசு ஓய்ந்துதான் போகிறது.

மகள் ஒரு வருஷம் வரை அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் அரிசி, மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். போன ஆடியில் அவருக்கு நெஞ்சுச் சளி என்று தகவல் வந்து அவளே போனாள். அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது; அவள் சொல்லவில்லை. அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறாள். மழைக்காலத்தில் போவதற்கு முன்னால் எனக்கு போன் போட்டு ரோடு எப்படி என்று கேட்பாள்.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிறு காலையிலும் கேட்டாள். முந்தின நாள் மலையில் நல்ல மழை. எனக்கு வந்திருந்த தகவல்படி மெட்டு ரோட்டில் ஒரு வளைவில் பாறை சரிந்திருந்தது. அதை அப்போதுதான் தேதி, மணி போட்டு எல்லாக் குழுக்களிலும் அனுப்பியிருந்தேன்.

"குரூப்புல பாத்தேன்க்கா. நெசமாவே அடைச்சிருக்கா?"

"அடைச்சிருக்குன்னுதான் சொல்றாக. சாயங்காலம் ஆகும்போல. போகாத."

"குழம்பு வச்சு எடுத்து வச்சிருந்தேன். சரி, விடுங்கக்கா."

பதினொன்றரைக்கே பாறையை ஒதுக்கி ஒரு பக்கம் வண்டி விட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்தபோது மணி ஒன்றரை. போட்டேன். அவளுக்குத் தனியாகவும் போன் செய்தேன். இனிமேல் கிளம்பினால் போய்த் திரும்பப் பஸ் கிடைக்காது.

"பரவால்லக்கா. நீங்க சொன்னத வச்சுத்தானே நாங்க போக முடியும். அடுத்த வாரம் போய்க்கிறேன்" என்றாள். அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. அவள் காலை ஏழு மணிப் பஸ்ஸில் போனாள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். அன்று எனக்கு விடுமுறை. இருந்தாலும் காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு போன் போட்டு, ரோடு திறந்துதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன்.